சந்தனமா, மயில் கழுத்தா? நெல்லை வீட்டு உள்சுவருக்கு ஒரு கணக்கு

பெயிண்ட் கடையில் கலர் அட்டையை விரித்ததும் வீடு இரண்டு கட்சியாகப் பிரியும். பெரியவர்கள் சந்தனத்தில் விரலை வைப்பார்கள். பிள்ளைகள் போனில் ஒரு படத்தைக் காட்டி, பட்டுச்சேலையில் மயில் கழுத்து என்போமே, அந்தப் பச்சை ஓடும் கருநீலம்தான் வேண்டும் என்பார்கள். கடைக்கார அண்ணாச்சி இரண்டுக்கும் தலையாட்டுவார். அவருக்கு இரண்டும் வியாபாரம்.

பார்ப்பதற்கு இது ரசனைச் சண்டை. ஆனால் ரசனைக்கு இதில் இடம் கொஞ்சம்தான். சன்னல் எந்தப் பக்கம், சுவரில் உப்பு இருக்கிறதா, பட்டி (பெயிண்டுக்கு முன் சுவரைச் சமமாக்க வைக்கும் மாவு) எவ்வளவு நேராகப் பார்த்திருக்கிறது, அடிக்கப்போவது எந்த மாதம் என்று நாலு விஷயம் தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் பெரும்பாலான அறைகளுக்குச் சந்தனம்தான். மயில் கழுத்து ஆசை தீர வேண்டுமென்றால் வீட்டுக்கு ஒரு சுவர், அதுவும் வெளிச்சம் வருகிற, ஈரம் ஏறாத சுவர். அந்தச் சுவர் எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. சில வீடுகளில் அப்படி ஒரு சுவரே இருக்காது.

வெளிச்சக் கணக்கு

நல்ல சந்தன நிறம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பும். மயில் கழுத்து பத்தில் ஒரு பங்கு திருப்பினாலே அதிகம். சன்னல் வழியாக வந்த வெளிச்சம் ஒரு சுவரில் பட்டதோடு நின்றுவிடுவதில்லை, எதிர்ச்சுவருக்குப் போய் அங்கிருந்தும் திரும்பும். சந்தனச் சுவரில் இரண்டு முறை பட்ட பிறகும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். மயில் கழுத்தில் இரண்டு முறை பட்டால் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். நாலு சுவரும் அடர் நிறம் அடித்த அறை பகல் 11 மணிக்கும் சாயங்காலம் போலத் தெரிவது இதனால்தான்.

திருநெல்வேலி டவுணிலும், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பழைய தெருக்களிலும் வீடுகள் தெருவிலிருந்து புறவாசல்வரை நீளமாக ஓடும். தார்சா (முன்வராந்தா), பட்டாசல் (கூடம்), அரங்கு (உள்ளறை), அடுக்களை என்று ரயில் பெட்டி மாதிரி ஒன்றின் பின் ஒன்று. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். தெருவாசலிலும் புறவாசலிலும் வருகிற வெளிச்சம்தான் நடு அறைகளுக்கும் பங்கு. அப்படிப்பட்ட வீட்டின் பட்டாசலில் மயில் கழுத்து அடித்தால் பகலிலும் லைட் எரியும். 10க்கு 12 அடி அறைக்குச் சந்தனத்தில் ஒரு 20 வாட் எல்இடி டியூப் போதுமானது. நாலு சுவரும் அடர் நிறமானால் இரண்டு வேண்டிவரும். பாளையங்கோட்டைப் பக்கம் புதிதாகக் கட்டிய, நாலு பக்கமும் இடம் விட்ட வீடுகளில் இந்தக் கவலை குறைவு.

'கருநீலம் அடித்தால் வீடு கொதிக்கும்' என்று சொல்பவர்கள் உண்டு. வெளிச்சுவருக்கு அது உண்மை, உள்சுவருக்கு அவ்வளவாக இல்லை. சன்னல் வழியாக உள்ளே வந்த வெயிலின் சூடு சுவர் எந்த நிறமானாலும் பெரும்பகுதி அறைக்குள்தான் தங்கும். சித்திரையில் நம்மை வேகவைப்பது மொட்டைமாடித் தளமும் மேற்குப் பார்த்த சுவரின் வெளிப்புறமும்தான். அவற்றுக்கு வெள்ளை அடிக்காமல் உள்ளே நிறத்தைக் குறைசொல்லிப் பயனில்லை.

சன்னல் திசைக்கு வருவோம். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 8.7 பாகை வடக்கே இருக்கிறது. அதனால் சித்திரைப் பிறப்பிலிருந்து ஆவணிப் பாதிவரை உச்சிவெயில் வடக்கே சாய்ந்து நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே. வடக்குச் சன்னல் உள்ள அறைக்குப் புரட்டாசிக்கு மேல் நேர்வெயில் கிடையாது, வானத்தின் நீல வெளிச்சம் மட்டும்தான். அந்த வெளிச்சத்தில் மயில் கழுத்து பச்சையை இழந்து வெறும் கருநீலமாக நிற்கும். சந்தனம் கொஞ்சம் சாம்பல் பூசினாற்போல இருக்கும். மேற்குச் சன்னல் அறையில் 4 மணிக்கு மேல் வரும் மஞ்சள் வெயிலில் மயில் கழுத்தின் பச்சை எழும்பும். அந்த நிறம் அழகாக இருக்கும் நேரம் அதுதான்.

ராத்திரிக்கு வேறு கணக்கு. 3000 கெல்வின் மஞ்சள் பல்பில் மயில் கழுத்து கறுத்துப் பாசிப்பச்சையாகும், 6500 கெல்வின் வெள்ளை டியூபில் நீலம் தூக்கும். சந்தனத்துக்கு நேர்மாறு: மஞ்சள் பல்பில் நெய் உருக்கியது போல, வெள்ளை டியூபில் சோகையாக. எந்த லைட் போடப்போகிறோம் என்று முடிவு செய்யாமல் கலரை முடிவு செய்தால் ராத்திரியில் வேறு வீடாகத் தெரியும்.

அட்டை ஏமாற்றும் விதம்

கலர் அட்டையில் இருப்பது இரண்டு விரல் அகலத் துண்டு. அதையே 400 சதுர அடிக்கு விரித்தால் நிறம் ஏறும். சந்தனத்தில்தான் இந்த ஏமாற்றம் அதிகம் என்பது பலருக்கு ஆச்சரியம். நாலு சுவரும் ஒன்றன்மேல் ஒன்று மஞ்சளை வீசுவதால், அட்டையில் இளஞ்சந்தனமாக இருந்தது சுவரில் மஞ்சள் அரைத்துப் பூசியது போல வந்து நிற்கும். எனவே பிடித்த சந்தனத்தைக் காட்டிவிட்டு, அதே வரிசையில் இரண்டு படி வெளிறியதை வாங்க வேண்டும். மயில் கழுத்தில் ஒரே சுவருக்கு ஒரு படி வெளிறினால் போதும். அதற்குமேல் வெளிறினால் அது மயில் கழுத்து இல்லை, நீச்சல் குளம்.

சோதனைக்குச் சுவரிலேயே அடித்துப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். அடர் நிறத்தை அப்படி அடித்தால் அந்தச் சதுரத்தின் விளிம்பு மேடாகி, பிறகு சந்தனம் அடித்தாலும் வெயில் சாய்ந்து விழும்போது காட்டிக் கொடுக்கும். 2க்கு 2 அடி பிளைவுட் துண்டுக்கு பிரைமர் (கலருக்கு முன் அடிக்கும் அடிக்கோட்) அடித்து, அதன்மேல் இரண்டு கோட் அடியுங்கள். சுற்றி இரண்டு அங்குலம் வெள்ளையாக விடுங்கள். அந்தப் பலகையைக் காலை 7 மணி, உச்சி, சாயங்காலம் 5 மணி, ராத்திரி லைட் போட்ட பிறகு என நாலு நேரம், ஒவ்வொரு சுவரிலும் சாய்த்து வைத்துப் பார்த்தால் போதும். ஒரு நாள் வேலை. தரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய செங்காவித் தரைக்குப் பக்கத்தில் மயில் கழுத்து முட்டிக்கொண்டு நிற்கும், சந்தனம் ஒத்துப்போகும். வெள்ளை டைல்ஸ் போட்ட அறையில் சந்தனம் அழுக்கேறிய வெள்ளை மாதிரித் தெரிவதுண்டு, அங்கே மயில் கழுத்துச் சுவருக்கு வேலை இருக்கிறது. தேக்கு நிலையும் கதவும் வார்னிஷோடு இருந்தால் இன்னும் எடுப்பாகும்.

சுவரில் உப்பு இருந்தால்

அடர் நிறத்தின் முதல் எதிரி உப்பு. திசையன்விளை, ராதாபுரம் பக்கம் போர் தண்ணீர் கரிக்கும். அதில் குழைத்த பூச்சில் உப்பு உள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது. உவரி போன்ற கடலோர ஊர்களில் காற்றே உப்பைக் கொண்டுவரும். பழைய வீடுகளில் அடித்தளத்தில் ஈரத்தடுப்பு போட்டிருக்க மாட்டார்கள், தரை ஈரம் 2, 3 அடி உயரம்வரை ஏறும். 2023 டிசம்பர் 17, 18 பெருமழையில் தாமிரபரணி வெள்ளம் புகுந்து நின்ற வீடுகளின் அடிச்சுவர்களையும் இதே கணக்கில் வைத்துச் சோதிக்க வேண்டும். உப்பு சும்மா இருக்கும்போது தெரியாது. ஈரம் அதைக் கரைத்து வெளியே இழுத்து வரும், தண்ணீர் காற்றில் போய்விடும், உப்பு சுவர்முகத்தில் வெள்ளை மாவாகப் பூத்து நிற்கும். பெயிண்டுக்கு அடியில் பூத்தால் பட்டியைத் தூக்கி அப்பளம் பொரித்தது போலக் கொப்புளம் விடும்.

சந்தனச் சுவரில் இந்த வெள்ளை மாவு கண்ணில் படாது. கொப்புளம் விட்ட பிறகுதான் தெரியும். மயில் கழுத்தில் முதல் மழைக்கே தேசப்படம் வரைந்து காட்டிவிடும். ஒரு வகையில் இது நல்லதுதான், நோய் சீக்கிரம் தெரிகிறது. ஆனால் கூடத்தில் வருகிறவர்கள் கண்ணில் படும் சுவரை நோய் பார்க்கும் கருவியாக யாரும் வைத்துக்கொள்வதில்லை.

முன்கூட்டியே சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் தாளைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் சுவரோடு ஒட்ட வைத்து, நாலு விளிம்பையும் டேப்பால் காற்றுப் போகாமல் அடையுங்கள். 24 மணி நேரம் கழித்துத் தாளின் உட்பக்கத்தில் வியர்வை கோத்திருந்தால் சுவருக்குள் ஈரம் ஏறுகிறது. அங்கே மயில் கழுத்தை மறந்துவிடலாம். சுவரைச் சுரண்டி நாக்கில் வைத்து உப்புப் பார்க்கிறவர்களும் உண்டு. வேண்டாம், சுண்ணாம்பு நாக்கைப் பொத்துவிடும்.

இன்னொரு சோதனை உள்ளங்கையால் சுவரைத் தேய்ப்பது. கையில் வெள்ளை ஒட்டினால் அது பழைய சுண்ணாம்பு. வருஷா வருஷம் பொங்கலுக்கு நீலம் கலந்து அடித்த சுண்ணாம்பு ஏடு ஏடாக இருக்கும். அதன்மேல் நேரடியாக பட்டி வைத்தால் ஏட்டோடு சேர்ந்து உரிந்து விழும். முழுவதும் சுரண்டியெடுத்துப் பூச்சு தெரிந்த பிறகே எந்த நிறமும். சுண்ணாம்புக் காரையால் பூசிய பழஞ்சுவர் என்றால் எமல்ஷனே (இப்போது உள்சுவருக்கு அடிக்கும், தண்ணீர் கலக்கும் பெயிண்ட்) வேண்டாம் என்போம். அந்தச் சுவர் ஈரத்தை இழுத்துவிடும் சுபாவம் கொண்டது, எமல்ஷன் வாயைக் கட்டிவிடும். அதற்குச் சுண்ணாம்போடு மஞ்சள் காவி கலந்த வெளிர் சந்தனம்தான் பொருத்தம். மயில் கழுத்தளவு அடர்த்தியைச் சுண்ணாம்பில் கொண்டுவர முடியாது. நிறப்பொடியைக் கூட்டிக்கொண்டே போனால் சுண்ணாம்புக்குப் பிடிப்பு போய்ச் சாயம் சட்டையில் ஒட்டும்.

புதுப்பூச்சானால் குறைந்தது 28 நாள் காயவிட வேண்டும். சிமெண்டின் காரம் இறங்குமுன் அடித்தால் அடர் நிறம் திட்டுத் திட்டாக வெளுக்கும்.

பட்டி: டார்ச் அடித்துப் பாருங்கள்

ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்ட வைத்துப் பக்கவாட்டில் அடியுங்கள். பகலில் கண்ணாடி போலத் தெரிந்த சுவர் வயல் வரப்பு மாதிரி மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கும். பட்டித் தகடு இழுத்த கோடு, உப்புத்தாள் பட்ட சுழல், சுவிட்சு பெட்டியைச் சுற்றிய குழி எல்லாம் தெரியும். சந்தனம் இதில் பாதியை மன்னித்துவிடும். மயில் கழுத்து எதையும் மன்னிக்காது, கொஞ்சம் பளபளப்புள்ள பெயிண்டாக இருந்தால் சன்னல் பக்கத்துச் சுவரில் ஒவ்வொரு கோடும் தெரியும்.

அடர் நிறச் சுவருக்குப் பட்டி முறை இதுதான். சுவரைச் சுத்தம் செய்து லேசாகத் தண்ணீர் தெளித்து, வெள்ளைச் சிமெண்டு பட்டியை இரண்டு கோட் வைக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டர் தாண்டக் கூடாது. ஒரு கிலோ பட்டிக்கு 350 முதல் 400 மில்லி தண்ணீர். போர் தண்ணீர் கரிக்கிற ஊரில் பட்டியைக் குடிதண்ணீரில் குழையுங்கள். பூச்சில் தப்பித்த உப்பை பட்டியில் நாமே கொண்டுபோய் வைக்கக் கூடாது. முதல் கோட் ஒரு ராத்திரி காய வேண்டும். இரண்டாவது கோட் காய்ந்த பிறகு 180 நம்பர் உப்புத்தாள், பிறகு 320. அதன்பின் டார்ச். குழி தெரிந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு அங்கே மட்டும் திரும்ப நிரப்ப வேண்டும். தேய்த்த தூசியை ஈரத்துணியால் துடைக்காமல் பிரைமர் அடித்தால் பிரைமர் தூசியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், சுவரை அல்ல.

எவ்வளவு வாங்குவது

10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம். சுற்றளவு 44 அடி, ஆக 440 சதுர அடி. கதவு, சன்னல் கழித்தால் ஏறத்தாழ 400. இதற்குப் பட்டி ஒரு 40 கிலோ மூட்டை, பிரைமர் 4 லிட்டர்.

எமல்ஷன் நல்ல பட்டிச் சுவரில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 110 சதுர அடி என்று வைத்துக்கொள்ளலாம். சந்தனம் இரண்டு கோட்டில் மூடிவிடும்: 4 லிட்டர் டப்பா ஒன்று. மயில் கழுத்து இரண்டு கோட்டில் மூடாது. 'ரெண்டு கோட்லயே மூடிரும் அண்ணாச்சி' என்று பெயிண்டர் சொன்னால், சதுர அடிக் கான்ட்ராக்டில் மூன்றாவது கோட்டுக்குக் கூலி இல்லையே என்ற கவலைதான் பேசுகிறது. மூன்று கோட் என்று முதலிலேயே பேசி, அதற்கும் சேர்த்துக் கூலி வைப்பது நியாயம். மூன்று கோட்டுக்கு லிட்டருக்கு 73 சதுர அடிதான் வரும். நாலு சுவருக்கும் என்றால் ஐந்தரை லிட்டர். 12 அடிச் சுவர் ஒன்றுக்கு மட்டும் என்றால் 120 சதுர அடி, அதற்கு ஒன்றே முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு, ஆக 1 லிட்டர் டப்பா இரண்டு. கலர் சேர்க்க இடம் விட்டு பேஸ் (மெஷினில் கலர் சேர்க்குமுன் உள்ள பெயிண்ட்) டப்பாவைக் கொஞ்சம் குறைவாகவே நிரப்பியிருப்பார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். மீதி மூன்று சுவருக்குச் சந்தனம் இரண்டரை லிட்டருக்குச் சற்று மேல்.

ஏன் மூடாது என்பதை டப்பாவிலேயே பார்க்கலாம். சந்தனத்துக்கு எடுக்கும் பேஸில் டைட்டானியம் டை ஆக்சைடு நிறைய இருக்கும். பின்னால் இருப்பதை மறைப்பது அந்த வெள்ளைப் பொடிதான். மயில் கழுத்துக்கு அந்த வெள்ளை கலந்தால் நிறம் வெளிறிவிடும் என்பதால் பொடியே அநேகமாக இல்லாத பேஸை எடுப்பார்கள். திறந்தால் பால் மாதிரித் தெரியும், விரலால் தொட்டு ஒரு கண்ணாடியில் பூசிக் காயவிட்டால் நிறமே இல்லாமல் போய்விடும். அதற்குள் நீலமும் பச்சையும் நிறையச் சேர்த்துத்தான் நிறம் வருகிறது. விலை ஏறுவதும் அதனால்தான். மூன்றாவது கோட்டை நாலாவதாக்காமல் தடுக்க ஒரு வழி: பிரைமரின் கடைசிக் கோட்டில் கொஞ்சம் சாம்பல் நிறம் கலக்கச் சொல்லுங்கள். வெள்ளைமேல் அடிப்பதைவிடச் சாம்பல்மேல் சீக்கிரம் மூடும்.

இரண்டு டப்பாவையும் ஒரே நாளில், ஒரே மெஷினில் வாங்கி, வீட்டுக்கு வந்ததும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்குங்கள். டப்பாவுக்கு டப்பா நூலிழை வித்தியாசம் இருக்கும். சந்தனத்தில் அது தெரியாது, மயில் கழுத்தில் சுவரின் நடுவில் கோடு விழும்.

அடிக்கும்போது

முதலில் சீலிங், பிறகு சந்தனச் சுவர்கள், கடைசியாகத்தான் மயில் கழுத்து. சந்தனம் அடித்து 24 மணி நேரம் கழித்து மூலையில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். நம் வீட்டு மூலைகள் நேர்கோடாக இருப்பது அபூர்வம், மூலையை நம்பாமல் நூல் பிடித்து ஒட்டுவது நல்லது. டேப் விளிம்பின்மேல் மறுபடி மெல்லியதாகச் சந்தனத்தையே ஒரு இழுப்பு இழுங்கள். டேப்புக்கு அடியில் கசிய இருக்கும் இடத்தைச் சந்தனமே அடைத்துக்கொள்ளும், பிறகு கருநீலம் கசிய வழி இருக்காது. மயில் கழுத்தின் கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே டேப்பைச் சாய்வாக உரிக்க வேண்டும். காய்ந்த பிறகு உரித்தால் பெயிண்டும் கூடவே பல் பல்லாகப் பிய்ந்து வரும்.

விளிம்பைப் பிரஷ்ஷால் சுற்றிலும் அடித்து முடித்துவிட்டு, டீ குடித்து வந்து நடுவில் ரோலர் போட்டால், காய்ந்ததும் சுவருக்குப் படச்சட்டம் போட்டது போல் தெரியும். மூன்று அடி அகலத்துக்கு விளிம்பு, உடனே ரோலர், அடுத்த மூன்று அடி என்று ஈரம் காயுமுன் நகர வேண்டும். சித்திரை வைகாசி வெயிலில் உச்சி நேரத்தில் ஆரம்பித்தால் ரோலர் திரும்பி வருமுன் விளிம்பு காய்ந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பட்டை தெரியும். காலை 7 மணிக்கு ஆரம்பித்து 10 மணிக்குள் அந்தச் சுவரின் ஒரு கோட்டை முடித்துவிடுவது நல்லது. ஃபேன் அணைத்திருக்கட்டும். தண்ணீர் லிட்டருக்கு 250 மில்லியைத் தாண்ட வேண்டாம், தாண்டினால் வழியும், மூடாது. கோட்டுக்குக் கோட் நாலு மணி நேரம்.

சந்தனத்துக்கு இத்தனை பத்தியம் இல்லை.

குடியிருக்கும்போது

தரையில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்க்கும் வழக்கம் நம் வீடுகளில் போகவில்லை. தேங்காய் எண்ணெய்த் தலை பட்ட இடம் சந்தனத்தில் பழுப்பு வட்டமாகும். கழுவக்கூடிய தரமான எமல்ஷன் என்றால் சோப்புத் தண்ணீர் தொட்ட ஸ்பஞ்சால் முக்கால்வாசி போய்விடும். மயில் கழுத்தில் அதே வட்டம் கறையாகத் தெரியாது, எண்ணெய் மினுமினுப்பாகத் தெரியும். அதைத் துடைக்கப் போய்த் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பாலிஷ் போட்டது போல் பளபளக்கும், அதன்பின் எதுவும் செய்ய முடியாது. பளபளப்பில்லாத பெயிண்டில் இது இன்னும் மோசம். பளபளப்புள்ளதை எடுத்தால் பட்டிக்கோடு தெரியும். அடர் நிறத்தின் இந்த இருதலைக்கொள்ளிக்கு வழி ஒன்றுதான்: ஆள் சாயாத, கை படாத சுவரில் மட்டும் அடிப்பது. அடித்த முதல் மூன்று நாலு வாரம் ஈரத்துணியே வைக்க வேண்டாம். சாயம் அதிகம் சேர்ந்த பெயிண்ட் முழுதாக இறுக அவ்வளவு நாள் பிடிக்கும்.

ஆடிக் காற்றில் தேரிக்காட்டுச் செம்மண் பறந்து வரும் ஊர்களில் சந்தனச் சுவரின் அடியும் சன்னல் ஓரமும் செம்மை ஏறும், அடர் சுவரிலோ மேல் விளிம்பெல்லாம் மங்கிப் போகும். இரண்டுக்கும் தப்பில்லை. சுவிட்சு பெட்டியைச் சுற்றிக் கைக்கறை, பிள்ளைகளின் பென்சில் கோடு எல்லாம் சந்தனத்தின் தலைவலி. ஆணி பிடுங்கிய ஓட்டை மயில் கழுத்தின் தலைவலி: பட்டி வைத்து அந்த இடத்தில் மட்டும் தொட்டு அடித்தால் ஒட்டு தெரியும், மூலைக்கு மூலை முழுச் சுவரையும் அடிக்க வேண்டும். கொசு இருண்ட இடம் தேடி அடையும், கருநீலச் சுவரில் உட்கார்ந்தால் மட்டையோடு நிற்கிறவர் கண்ணுக்கு அகப்படாது. பல்லி எச்சத்தில் கறுப்பும் உண்டு வெள்ளையும் உண்டு, ஆகவே பல்லி எந்தக் கட்சியிலும் இல்லை.

நிறம் வெளுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. சந்தனத்தில் மஞ்சளுக்கு இரும்பு ஆக்சைடு போட்டிருந்தால் வருஷக்கணக்கில் அசையாது. மயில் கழுத்தின் நீலமும் பச்சையும் தாலோசயனின் வகையாக இருந்தால் அவையும் வெயிலுக்கும் காரத்துக்கும் தாங்கும். வெளுத்துப் போகக் கூடியது இரண்டிலும் பளிச்சென்ற மஞ்சளுக்காகச் சேர்க்கும் மலிவான சாயம். மெஷினில் கலர் போடும்போது திரையில் எந்தச் சாயம் எத்தனை மில்லி என்று காட்டும். கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். அந்தச் சீட்டு நாளைக்கு மறுபடி வாங்கவும் வேண்டும்.

எந்த அறைக்கு எது

அரங்குக்குச் சந்தனம்கூட இல்லை, அதைவிட வெளிறியது. அடுக்களைக்குச் சந்தனம், துடைக்கக்கூடிய லேசான பளபளப்போடு. தாளிக்கும் புகை எண்ணெயாகப் படியும் இடத்தில் மயில் கழுத்து மூன்றே மாதத்தில் மங்கும். பூஜை அலமாரிச் சுவரில் விளக்குக் கரி படிவதால் அங்கே அடர் நிறம் கரியை மறைக்குமே என்று சிலருக்கு யோசனை வரும். மறைக்கும், கூடவே விபூதியைக் காட்டிக் கொடுக்கும்.

பட்டாசலில் டிவி இருக்கும் சுவர்தான் மயில் கழுத்துக்கு முதல் இடம். அங்கே ஆள் சாய மாட்டார்கள், திரைக்குப் பின்னால் இருட்டாக இருந்தால் கண்ணுக்கும் சுகம். ஆனால் அந்தச் சுவருக்கு எதிரிலோ பக்கத்திலோ சன்னல் இருக்க வேண்டும், மறுபக்கம் குளியலறை இருக்கக் கூடாது. குளியலறைச் சுவரின் மறுபுறம் ஈரம் கசிவது நம் வீடுகளில் சகஜம். படுக்கையறையில் தலைமாட்டுச் சுவருக்கு அடிப்பது படத்தில் அழகு, கட்டிலுக்குத் தலைப்பலகை இருந்தால் மட்டும் செய்யலாம், எண்ணெய்த் தலை நினைவிருக்கட்டும். தார்சா வெளிச்சமான இடம்தான், ஆனால் சைக்கிள் கைப்பிடியும் செருப்பும் உரசும் சுவர். சந்தனமே போதும்.

மனம் மாறி மயில் கழுத்தைச் சந்தனமாக்க நினைத்தால், உப்புத்தாள் தேய்த்து ஒரு கோட் பிரைமர், அதன்மேல் சந்தனம் இரண்டு, சில இடத்தில் மூன்று கோட் ஆகும். சந்தனத்திலிருந்து மயில் கழுத்துக்குப் போக சாம்பல் பிரைமர் ஒன்று, பிறகு மூன்று. போகவும் வரவும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே தயக்கம் இருக்கிற வீட்டில் முதலில் எல்லாச் சுவரும் சந்தனமாகவே இருந்தால் ஒன்றும் நட்டமில்லை.

எப்போது

தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் வீட்டுக்குள்ளும் ஈரக்காற்றாக நுழையும், அப்போது இரண்டு நிறமும் வேண்டாம். திருநெல்வேலியிலும் கிழக்கேயும் ஐப்பசி முதல் மார்கழி முன்பாதிவரை மழை. நம் ஊரில் ஆள் கிடைப்பதும் எல்லோரும் அடிப்பதும் தீபாவளிக்கு முந்தைய பத்து நாளிலும் பொங்கலுக்கு முந்தைய பத்து நாளிலும்தான், இரண்டும் சுவர் காயாத நாட்கள். பொங்கலுக்குள் வெள்ளை அடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் சந்தனத்தை மார்கழிக் கடைசியில் அடித்துவிடலாம், கோட்டுக்குக் கோட் நாலு மணி நேரத்துக்குப் பதில் ஒரு ராத்திரி விட்டு. அந்த ஒரு சுவரை மட்டும் பட்டியும் சாம்பல் பிரைமருமாகப் பொங்கலுக்கு நிறுத்தி வையுங்கள். வருகிறவர்கள் கேட்பார்கள். மாசி பிறந்து பாலிதீன் தாளை மறுபடி ஒட்டிப் பார்த்து, வியர்வை இல்லையென்றால் அன்று காலை 7 மணிக்கு மயில் கழுத்து டப்பாவைத் திறக்கலாம்.